யுத்தம் தொடாத தமிழன் – ஓர் ஆட்சேபணை

சென்ற இதழில் ஜப்பானியப் படக்கதைகள் பற்றி நண்பர் ஒருவர் எழுதியிருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷத்துடன். இப்படி ஒரு விஷயம் நம் பக்கங்களில் பேசப்படுகிறதே என்ற சந்தோஷம். இரண்டாம் முறை, பக்கத்துக்குப் பக்கம் ஏறிக்கொண்டே போன எரிச்சலுடன். அவருக்கு அநீதி செய்யாமல் அவர் சொல்வதை மூன்று வாக்கியங்களில் சுருக்கிவிடலாம். ஒன்று, மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதை அந்த இனத்தின் யுத்த நினைவைப் பிரதிபலிக்கும் கண்ணாடி. இரண்டு, அந்த நினைவு தன் வலியைச் சுமந்து மனிதநேயமாகக் கனிந்த நினைவு. மூன்று, தமிழனுக்கு யுத்த அனுபவம் கிடையாது. இரண்டு உலக யுத்தங்களும் அவனைத் தொடாமல் கடந்துபோயின. ஆகவே இங்கே அத்தகைய படைப்பு எழ வழியில்லை. மூன்றிலும் எனக்கு ஆட்சேபணை உண்டு. முதல் இரண்டும் அரை உண்மைகள். மூன்றாவது பொய். நண்பர் இட்டுக்கட்டிய பொய் அல்ல அது. பல பத்து வருஷங்களாக நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வருகிற, நமக்கு மிகவும் சௌகரியமான பொய்.

பிரதிபலிப்பு என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். நம் விமர்சனத்தில் இதைவிடத் தேய்ந்த காசு வேறில்லை. இலக்கியம் சமூகத்தைப் பிரதிபலிக்கிறது என்று முற்போக்கு முகாமில் சொன்னபோது நாமெல்லாம் சிரித்தோம். கலைஞன் நிலைக்கண்ணாடி அல்ல என்று பக்கம் பக்கமாக எழுதினோம். இப்போது ‘சமூகம்’ இருந்த இடத்தில் ‘கூட்டு நினைவு’ என்பதைப் போட்டு அதே வாக்கியத்தை நாமே எழுதுகிறோம். ஜப்பான் என்றதும் ஏன் இந்தச் சலுகை?

கண்ணாடி என்றால், எந்த வருஷத்துக் கண்ணாடி? 1931ல் சுயிஹோ தாகாவா என்பவர் நோராகுரோ என்ற கறுப்பு நாயைச் சிப்பாயாக்கிச் சிறுவர் பத்திரிகையில் வரையத் தொடங்கினார். நாய் படையில் பதவி உயர்ந்துகொண்டே போயிற்று; குழந்தைகள் சிரித்தார்கள். அந்த வருஷமே ஜப்பானியப் படை மஞ்சூரியாவுக்குள் புகுந்தது. தோல்வி கண்டு இருபது வருஷம் ஆவதற்குள், 1960களின் முதல் பாதியில், சிறுவர் வார இதழ்கள் ஜீரோ போர்விமானங்களின் சாகசங்களால் நிறைந்தன. 1998ல் யோஷினோரி கோபயாஷி தன் யுத்தப் படக்கதையில், ஜப்பான் நடத்தியது நியாயமான யுத்தம் என்று சாதித்தார். புத்தகம் பெருமளவில் விற்றது. இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவில்தான் நண்பர் கொண்டாடுகிற கெய்ஜி நகஸவாவும் ஷிகெரு மிசுகியும் வருகிறார்கள். இத்தனையையும் ஒரே கண்ணாடி காட்டியது என்றால் அதைக் கண்ணாடி என்று சொல்வதில் என்ன அர்த்தம்? அது ஒரு சண்டைக்களம். நினைவு யாருடையது என்பதற்காக அங்கே எழுபது எண்பது வருஷங்களாகச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

நகஸவாவின் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அவருக்கு வயது ஆறு. அப்பா, அக்கா, தம்பி மூவரும் செத்தார்கள். பிறகு டோக்கியோ போய்ப் படக்கதைக்காரர் ஆனார். அங்கே குண்டடிபட்ட ஊர்க்காரன் என்று சொன்னால் மனிதர்கள் விலகினார்கள். ஆகவே சொல்வதை நிறுத்திக்கொண்டார். குண்டைப் பற்றி ஒரு கோடும் வரையவில்லை. 1966ல் அம்மா இறந்தாள். தகனம் முடிந்து எலும்பு பொறுக்கப் போனவருக்குப் பொறுக்க எலும்பு இல்லை. சாம்பலும் சில துணுக்குகளும்தான் கிடந்தன. என் அம்மாவின் எலும்பைக்கூடவா தின்றுவிட்டாய் என்ற கோபம் அந்த இடத்தில்தான் அவருக்கு வந்தது. 1968ல் முதல் அணுகுண்டுக் கதை வெளியாயிற்று. 1972ல் தன் கதையையே சொன்னார். 1973 ஜூனில் ‘வெறுங்கால் கென்’ தொடங்கி, பத்திரிகை மாறி மாறி, 1987 வரை நீண்டது.

கூட்டு நினைவு என்ற பெரிய வார்த்தைக்கு இதில் எங்கே இடம்? கூட்டம் மறக்கச் சொன்னது. அவரும் இருபது வருஷம் மறந்தவராகவே நடமாடினார். ஒரு பிடி சாம்பல் அவரை உடைத்தது. இன்று அதைக் கூட்டு நினைவு என்று கூப்பிடுகிறோமென்றால், ஒரு தனி மனிதன் அதைக் கூட்டத்தின் மடியில் வலுக்கட்டாயமாக இறக்கிவைத்தான் என்பதால்தான். கூட்டம் அதை மனமார ஏற்றுக்கொண்டதா என்பதும் சந்தேகம். 2012 டிசம்பரில் நகஸவா இறந்தார். அதே மாதம் மட்சுவே நகரத்தின் கல்வி நிர்வாகம் அந்தப் புத்தகத்தைப் பள்ளி நூலகங்களில் பிள்ளைகள் தாங்களாக எடுக்க முடியாதபடி உள்ளே வைக்கச் சொன்னது. ஜப்பானியச் சிப்பாய்கள் ஆசியாவில் செய்த கொடூரங்களை அவர் வரைந்திருந்ததுதான் உறுத்தல். கூச்சல் எழுந்து 2013 ஆகஸ்டில் அதை விலக்கிக்கொண்டார்கள். 2023ல் ஹிரோஷிமா நகரமே தன் சமாதானப் பாடப் பயிற்சியிலிருந்து கென்னை எடுத்துவிட்டது. கர்ப்பிணித் தாய்க்குக் கொடுக்கப் பையன் அடுத்த வீட்டுக் குளத்தில் மீன் திருடுகிற காட்சி பிள்ளைகளைக் குழப்புமாம். கண்ணாடிக்கு யாரும் இப்படிப் பயப்படுவதில்லை.

மிசுகியும் அப்படித்தான். 1922ல் பிறந்தவர். சாதாரணச் சிப்பாயாக ராபௌலுக்கு அனுப்பப்பட்டு, அங்கே குண்டுவீச்சில் இடது கையை இழந்தவர். எஞ்சிய வலது கையால் வரைந்து, 1973ல் ஒரு படைப்பிரிவின் கதையை வெளியிட்டார். அந்தப் பிரிவு முழுவதும் வீரமரணம் எய்திவிட்டதாகத் தலைமையிடத்துக்குச் செய்தி போய்விடுகிறது. ஆனால் சிலர் பிழைத்துத் திரும்புகிறார்கள். செய்தி பொய்யாகக் கூடாது. ஆகவே பிழைத்தவர்கள் மறுபடியும் போய்ச் சாக வேண்டும். நண்பர் எதிர்பார்க்கிற கனிந்த மனிதநேயம் இதில் இல்லை. ஒற்றைக் கைக்காரன் ஒருவனின் ஏளனம்தான் இருக்கிறது. எனக்கு அது போதும்.

இனி இரண்டாவது வாக்கியம். தன் வலியைச் சுமந்து கனிந்த நினைவு என்கிறார். யாருடைய வலி? ஹிரோஷிமா, நாகசாகி, எரிந்த டோக்கியோ, பட்டினி. குண்டு வானத்திலிருந்து விழுகிறது, புயலைப்போல், பூகம்பத்தைப்போல். அந்தச் சட்டகத்தில் ஜப்பானியன் அடிபடுகிறவன் மட்டுமே. விதிவிலக்குகள் உண்டு. கென் கதையில் கொரியக் கிழவர் பாக் வருகிறார். ஃபுமியோ கோனோ 2007 முதல் 2009 வரை வரைந்த குரே துறைமுகக் கதையில், சக்கரவர்த்தி வானொலியில் சரணடைவை அறிவித்த நாளில், கதாநாயகி சுஸு ஒரு வீட்டின் மேல் கொரியக் கொடி ஏறுவதைப் பார்க்கிறாள். இத்தனை நாளும் நாம் பிறரைப் பலத்தால் அடக்கிவைத்திருந்தோமா, அதனால்தான் பலத்துக்குப் பணிகிறோமா என்று அவளுக்கு உறைக்கிறது. ஒரே ஒரு கட்டம். 2016ல் அதைத் திரைப்படமாக்கியபோது கொடி இருந்தது. அந்த எண்ணம் மாறிவிட்டது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த அரிசியையும் சோயாவையும் தின்று வளர்ந்தோமே என்பதாக அது மெலிந்துவிட்டது. ஒரு கட்டத்தில் கிடைத்ததும் இப்படிக் கைநழுவக்கூடியது என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்குப் படிக்கக் கிடைத்த பக்கங்களில் நான் ஒரு முகத்தைத் தேடினேன். இடுப்பில் கோவணமும் தோளில் மண்கூடையுமாக ஒரு தமிழன். மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டவன். அவன் என் கண்ணில் படவில்லை. 1942 முதல் 1943 அக்டோபர் வரை, சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில்பாதையை ஜப்பானிய ராணுவம் காட்டைக் குடைந்து போட்டது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள். பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியக் கூலிகள் இரண்டு லட்சம் பேர் என்று ஒரு கணக்கு. செத்தவர்கள் தொண்ணூறாயிரம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத் தமிழர்கள். வெள்ளைக்காரனின் சாவு பெயரோடும் ரெஜிமெண்டோடும் வயதோடும் எழுதப்பட்டிருக்கிறது. காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய ஏழாயிரம் பேர் வரிசை வரிசையாகக் கிடக்கிறார்கள். தமிழன் கணக்கில்லாமல் காலராக் குழிகளுக்குள் போனான்.

அந்தப் பாதை திறக்கப்பட்டபோது ஓடிய எஞ்சின், சி 56 வகையில் 31ஆம் எண், இன்று டோக்கியோ யாசுகுனி ஆலயத்து யுத்த அருங்காட்சியகத்தின் முகப்பில் நிற்கிறது. 1979ல் தாய்லாந்திலிருந்து கொண்டுவந்து நிறுத்தினார்கள். எஞ்சினை நினைவுவைத்த ஜப்பான், தண்டவாளம் போட்டவனை நினைவுவைக்கவில்லை. இங்கிலாந்துக்காரன் மட்டும் என்ன? 1957ல் வந்த ‘க்வாய் நதிப் பாலம்’ படத்தைப் பாருங்கள். சயாமில்கூட எடுக்கவில்லை, நமக்கு இந்தப் பக்கத்திலேயே, இலங்கையில், கித்துல்கலவில் களனி ஆற்றின் மேல் பாலம் கட்டி எடுத்தார்கள். வெள்ளைக் கைதியின் சுயமரியாதைக்கும் ஜப்பானிய அதிகாரியின் அகம்பாவத்துக்கும் நடுவில் கதை நடக்கிறது. கூலித் தமிழனுக்கு அதில் இடமில்லை. வென்றவன் படத்திலும் அவன் இல்லை, தோற்றவன் படத்திலும் இல்லை.

ஆனால் ஜப்பானியனைக் குற்றம் சொல்லிவிட்டு எழுந்துபோக நான் வரவில்லை. அவன் தன் தாயின் சாம்பலை வரைந்தான். நம் தாய்மாரின் சாம்பலையும் அவனே வரைய வேண்டும் என்று கேட்பது பிச்சை. அதனால்தான் மூன்றாவது வாக்கியத்துக்கு வருகிறேன்.

யுத்தம் தமிழனைத் தொடவில்லை என்கிறார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்துவிட்டுப் போயிற்று. நூறு வருஷம் கழிந்தும், சாமர்த்தியக்காரனைக் கண்டால் ‘ஆள் பெரிய எம்டன்’ என்கிறோம். கூட்டு நினைவு வேண்டுமென்றால் இதோ ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

நான் இதை எழுதுகிற மணப்பாட்டுக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறேன். இந்தக் கரைக்குக் கொழும்பு மதுரையைவிடப் பக்கத்தில் இருந்த காலம் ஒன்று உண்டு. புறக்கோட்டையில் கடை வைத்தவர்களும் அந்தக் கடைகளில் கணக்கு எழுதியவர்களும் இங்கே வீடு கட்டினார்கள். என் தாத்தா கணக்கு எழுதியவர். 1942 ஏப்ரல் 5 உயிர்த்த ஞாயிறு. அன்று காலை, கோயிலில் பூசை முடிந்தும் முடியாத நேரத்தில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்தின் மேல் குண்டு விழுந்தது. அங்கொடையில் பைத்திய ஆஸ்பத்திரியின் மேலும் விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. 9ஆம் தேதி திருகோணமலை. சென்னை காலியாயிற்று. சர்க்கார் அலுவலகங்கள் உள்நாட்டுக்கு ஓடின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்னாவது என்று மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். தொடாத யுத்தத்தின் லட்சணம் இது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டி கொழும்பில் இருந்தாள். அவள் சொன்ன யுத்தம் இவ்வளவுதான்: பண்டிகைக்கு எடுத்த புதுச் சேலை, கோயில் வாசலில் எல்லோரும் நின்று அண்ணாந்து பார்த்தது, முதலில் நம்ம பிளேன் என்று யாரோ சொன்னது, ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்கியது, தாத்தா பிறகு கடைப்பக்கம் போகாமலே செத்தது. இதைப் பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. எந்தக் கோயில், எந்தத் தெரு, சேலைக்கு என்ன நிறம், ஒன்றும் எனக்குத் தெரியாது. ரெமார்க்கையும் ஹெமிங்வேயையும் படித்துவிட்டு, நமக்கொரு யுத்தம் வாய்க்கவில்லையே, அதனால்தானே நம் இலக்கியம் சவலையாக இருக்கிறது என்று நண்பர்களோடு விவாதித்துக்கொண்டிருந்த திண்ணைக்குப் பக்கத்திலேயே அவள் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நண்பர் எழுதிய மூன்றாவது வாக்கியத்தை அன்று நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

கொழும்பு சிறிய விஷயம். அதே 1942ல் பர்மாவிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மலையும் காடுமாக நடந்து வந்தார்கள். அவர்களில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள்! பல்லாயிரம் பேர் வழியில் செத்தார்கள். சிங்கப்பூரில் பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிகள் ஆயிரக்கணக்கில், மிசுகி கையை இழந்த அதே ராபௌல் பக்கம் கொண்டுபோகப்பட்டார்கள். சயாமைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இத்தனைக்கும் பிறகு யுத்தம் தமிழனைத் தொடவில்லை என்று ஒருவர் சொல்கிறாரென்றால் அவர் தமிழன் என்று யாரை நினைத்துக்கொண்டு பேசுகிறார்? கூலிக்குப் போனவன், கடை வைக்கப் போனவன், கப்பலேறியவன் எல்லாரும் கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறார்கள். மைலாப்பூரிலும் மதுரையிலும் திண்ணையில் இருந்தவன் மட்டும் மிஞ்சுகிறான். அவனைத் தொடவில்லை என்பது நிஜம்தான்.

எழுத்தில் வரவில்லை என்றும் சொல்ல முடியாது. 1972ல் வந்த ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதில் தொடங்குகிறது. அதைக் கண்டுகொள்ள நமக்கு எத்தனை வருஷம் பிடித்தது என்பது இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குத் தெரியும். மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார்; அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். நம்மில் எத்தனை பேர் படித்தோம்? தோட்டத்து எழுத்து, கலை நேர்த்தி போதாது என்று ஒரு வரியில் ஒதுக்கிவிட்டு ஜப்பானியப் படக்கதைக்கு ஓடுகிறோம். நேர்த்தி போதாது என்றால் போதாது என்று காரணத்தோடு எழுதுவோம். அதற்கும் முதலில் படிக்க வேண்டும்.

எழுத்து இருக்கிறது; படம் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் நண்பர் யோசித்திருக்க வேண்டும். படமே இல்லாமல் நாம் வளரவில்லை. பிறர் வரைந்த படத்தோடு வளர்ந்தோம். 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவியை நானும் விழுந்து விழுந்து படித்தவன். அதை இழிவாகப் பேசமாட்டேன். ஆனால் மாயாவி பிரிட்டிஷ் சரக்கு. பழைய புத்தகக் கடைகளில் கிடைத்த, 1961 முதல் ஸ்காட்லாந்திலிருந்து வெளிவரும் ‘கமாண்டோ’ சிறு புத்தகங்களில் யுத்தம் நிறைய இருந்தது. ஜப்பானியன் பல் துருத்திக்கொண்டு கத்தியபடி வருவான். வெள்ளைக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு சுடுவான். சயாமில் செத்தவனின் பேரன் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரனின் துப்பாக்கிக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். அந்த யுத்தத்தில் தன் ஆட்கள் யாரும் இல்லை என்று அவன் கற்றது அங்கேதான்.

நமக்கென்று ஒரு யுத்தப் படம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்கு வருத்தமாக இருக்கும். ராணுவ உடுப்பில் நேதாஜி. எத்தனை வீட்டுச் சுவர்களில், எத்தனை முடிதிருத்தும் நிலையங்களில்! 1943 ஜூலையில் போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். தோட்டத்துப் பெண்கள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் பிள்ளைகள் படையில் சேர்ந்தார்கள். அதில் பொய் இல்லை, கேலிக்கும் இடமில்லை. ஆனால் அந்த மாதங்களில்தான் சயாம் முகாம்களில் காலரா கொழுந்துவிட்டு எரிந்தது. ஒரே தோட்டத்திலிருந்து ஒருவன் ஜப்பானியனோடு கைகோத்து விடுதலைக்குப் போனான்; அவன் அண்ணன் அதே ஜப்பானியனின் பிரம்படியில் மண் சுமந்து செத்தான். இரண்டையும் ஒரே சட்டகத்தில் வைக்க நமக்குத் துணிவில்லை. உடுப்புப் போட்டவரை மாட்டினோம். கோவணம் கட்டியவனுக்கு ஆணியடிக்கச் சுவரில் இடமில்லாமல் போயிற்று. ஜப்பான் கென்னை உள்ளறையில் பூட்டியதைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. நம்மிடம் பூட்டிவைக்கவும் புத்தகமில்லை.

இது பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. 2009ல் வன்னியில் முடிந்த யுத்தத்தை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம், கவிதையாகவும் நாவலாகவும் நிறையவே எழுதினோம். அதை முழுநீளப் படக்கதையாக 2019ல் கொண்டுவந்தவர்கள் யார்? கிளிநொச்சியில் ஐ.நா. ஊழியராக இருந்து 2008 செப்டம்பரில் வெளியேற்றப்பட்ட பெஞ்சமின் டிக்ஸ் என்ற ஆங்கிலேயரும் லிண்ட்சே போலக் என்ற ஓவியரும். பிழைத்தவர்களின் வாய்மொழியைக் கேட்டு உழைத்து உருவாக்கிய ‘வன்னி’ நேர்மையான புத்தகம். அவர்கள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. வெட்கம் நமக்கு உரியது. விதிவிலக்காக எனக்குத் தெரிந்தது ஒன்று. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த மனிதர்களிடம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். இது அடுப்படி, இது கிணறு, இங்கே மாமரம். அந்தக் கோணல் கோடுகளையும் அவர்கள் சொன்ன கதைகளையும் தன் சித்திரங்களையும் சேர்த்து, காணி உறுதிக்கான தோம்பு என்ற பழைய சொல்லைத் தலைப்பில் வைத்து, 2011ல் புத்தகமாக்கினார். கூட்டு நினைவு என்றால் இதுதான் வேலை. போய்க் கேட்பது; கையில் பென்சிலைக் கொடுப்பது; உட்கார்ந்து காத்திருப்பது.

படக்கதை நம் வடிவம் அல்ல, இறக்குமதி என்று ஒருவர் எழுந்து சொல்லுவார். சொல்லட்டும். திருவாரூர் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதை கட்டம் கட்டமாக ஓடுகிறது. படத்துக்குக் கீழே தமிழில் விளக்கம். ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்துச் சுவரில் சேதுபதி தஞ்சை மராட்டியரோடு நடத்திய யுத்தம் இருக்கிறது. இங்கிருந்து தாமிரபரணியோடு மேலே போனால் திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்ளே படையும் குதிரை ஏற்றிவந்த கப்பலும் இருக்கின்றன. யுத்தத்தைச் சுவரில் வரைந்து கீழே எழுதிவைத்த ஜாதி இது. அரசனின் யுத்தம் என்பதுதான் குறை.

என் கரைக்கு இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1581ல் கட்டிய திருச்சிலுவைக் கோயில் கடலைப் பார்த்து மேட்டில் நிற்கிறது. இந்தக் கரையில் எந்தக் கோயிலுக்குள் போனாலும் சுவரில் பதினான்கு சட்டகங்கள் மாட்டியிருக்கும். சிலுவைப்பாதை. தபசுக்கால வெள்ளிக்கிழமைகளில் எழுத்தறியாத கிழவிகள் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு நடந்து, ஒவ்வொன்றின் முன்னும் முழங்காலிட்டு எழுந்து, ஒரு கொலையைத் தொடக்கம் முதல் அடக்கம் வரை படித்துவந்தார்கள். கட்டம் கட்டமாகக் கதை படிப்பது எப்படி என்று அவர்களுக்கு டோக்கியோவிலிருந்து யாரும் வந்து கற்றுக்கொடுக்கவில்லை.

அதில் ஐந்தாம் ஸ்தலத்தைப் பாருங்கள். வயலிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவனைச் சிப்பாய்கள் மடக்கிப் பிடித்துச் சிலுவையைச் சுமக்கவைக்கிறார்கள். அவனுக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. சிரேனே ஊர்க்காரன், பெயர் சீமோன். இரண்டாயிரம் வருஷமாக அந்தக் கூலிக்கு ஒரு சட்டகமும் ஒரு பெயரும் ஊர்ப்பெயரும் இருக்கிறது. மலாயாவில் இலவச சினிமா என்று கூப்பிட்டு, கதவைப் பூட்டி, அப்படியே ரயிலேற்றினார்கள் என்று பிழைத்து வந்தவர்கள் சொன்னார்கள். அவர்களில் ஒருவனுக்கு நாம் ஒரு சட்டகம் கொடுத்திருக்கிறோமா?

நம் சிறுபத்திரிகைகளில் ஓவியர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஆதிமூலம், மருது என்று பெரிய கைகள் நமக்கு வரைந்திருக்கின்றன. அவர்களை நாம் அட்டைக்குக் கூப்பிட்டோம்; கவிதைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தை நிரப்பக் கூப்பிட்டோம். ஒரு கிழவியின் பேச்சைக் கொடுத்து இதை இருபது பக்கம் வரைந்து கொடுங்கள் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. ஓவியன் வரைகிறவன், எழுத்தாளன் சிந்திக்கிறவன் என்ற ஜாதிப் பிரிவினை நம்மிடம் அவ்வளவு உறுதி.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஜப்பானியப் படக்கதைகள் பற்றி இன்னும் இரண்டு கட்டுரைகள் வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். ஒன்றை நிறுத்திவிட்டு அந்தப் பக்கங்களை ஓர் ஓவியரிடம் கொடுங்கள். சயாம் போய் வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எண்பது ஆகிறது. என் பாட்டியின் சேலைக்கு என்ன நிறம் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள்.